பர்கருக்குள் மூன்று பொருள்தான் வைக்கலாம் என்றால் எந்த மூன்று?

தோசைக்கல்_ஓக்லஹோமா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஓக்லஹோமா சிட்டி பக்கம் 11 வருடமாக இருக்கிறேன். போன சனிக்கிழமை நண்பர் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் 30 பேருக்குப் பர்கர் போட்டோம், அடுப்பு என் பொறுப்பு. பார்த்துப் பார்த்துக் கறியைச் சுட்டுத் தட்டில் வைத்தால், பக்கத்து மேசையில் வரிசையாக இருந்த பதினெட்டுக் கிண்ணத்திலிருந்தும் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டு, வாய் கொள்ளாத உயரத்துக்கு அடுக்கி, இரண்டு கடியில் எல்லாம் சரிந்து விழ, மீதியை முள்கரண்டியால் கிளறிச் சாப்பிட்டார்கள். மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த இழை.

பன்னும் கறியும் கணக்கில் இல்லை. அவற்றுக்கு மேல் மூன்றே மூன்று பொருள் வைக்கலாம் என்றால் எதை வைப்பீர்கள்? பிடிக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அது கறிக்கு என்ன செய்கிறது என்றும் சொல்லுங்கள்.

என்னுடைய மூன்று: வெங்காயம், சீஸ், பிக்கிள் (வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய்). இதில் வெங்காயம்தான் தலை. பச்சை வெங்காயம் இல்லை, கறியோடு சேர்ந்தே வெந்த வெங்காயம்.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே அரைமணி நேரம் போனால் எல் ரீனோ என்று ஒரு சின்ன ஊர், பழைய 66ஆம் சாலையில் இருக்கிறது. 1920களில் கறி விலை அதிகம், வெங்காயம் மலிவு. கறியைக் குறைத்து வெங்காயத்தால் நிரப்பலாம் என்று அங்கிருந்த கடைக்காரர்கள் ஆரம்பித்தது இன்றைக்கும் நிற்கிறது. 1926லிருந்து நடக்கும் ராபர்ட்ஸ் கிரில் இருக்கிறது, சிட்ஸ், ஜானீஸ் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். மே மாதம் முதல் சனிக்கிழமை இதற்கென்றே திருவிழா வைத்து ஊர்கூடி ஒரு ராட்சத பர்கர் சுடுவார்கள்.

அங்கே கல்லுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். கறி உருண்டையைக் கல்லில் போடுகிறார், அதன்மேல் காகிதம் மாதிரி சீவிய வெங்காயத்தை ஒரு கை நிறைய, கறிக்குச் சமமாகவே இருக்கும், வைத்துத் தோசைத்திருப்பி போன்ற ஒன்றால் ஓங்கி அழுத்துகிறார். வெங்காயம் கறிக்குள் புதைந்துவிடுகிறது. திருப்பிப் போட்டதும் அந்த வெங்காயம் அடியில் போய், கறியிலிருந்து இறங்கும் கொழுப்பிலேயே வதங்கி, ஓரம் கருகி முறுகி, நடுவில் குழைந்து நிற்கிறது. பன்னை அதன் மேலேயே கவிழ்த்து வைத்துவிடுவதால் வெங்காய ஆவியில் பன்னும் இளகிவிடும். சாஸ் கேட்கத் தோன்றாது. இனிப்பும் ஈரமும் முறுகலும் வெங்காயம் ஒன்றிலேயே கிடைக்கிறது. சீஸ் உப்பையும் வழவழப்பையும் கொடுக்கும், பிக்கிள் புளிப்பைக் கொடுக்கும். அதற்கு மேல் என்ன வேண்டும்?

---

மதுரைக்காரி_ஜெர்சி

வெங்காயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தக்காளி இல்லாத பட்டியலை ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா.

நியூஜெர்சியில் ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சாலையோரப் பண்ணைக் கடைகளில் ஒரு தக்காளி வரும், ஒன்றே கை நிறைய இருக்கும், வெயிலில் பழுத்தது, அறுத்தால் பலகை முழுக்கச் சாறு. பர்கருக்காகவே படைத்த மாதிரி இருக்கும். புளிப்பும் இனிப்பும் மட்டும் இல்லை, விதையைச் சுற்றியிருக்கும் அந்தக் கொழகொழப்பில்தான் கறிச்சுவையைத் தூக்கிக்கொடுக்கும் சத்து அதிகம். தக்காளி ரசம் ஏன் ருசிக்கிறது என்று நினைத்துப் பாருங்கள், அதே காரணம்தான்.

ஆனால் ஒன்று. ஜனவரியில் கடையில் கிடைக்கும் வெளிறிய தக்காளியைப் பர்கரில் வைக்கவே கூடாது. அது வெறும் குளிர்ந்த தண்ணீர். சூடான கறியின் மேல் அதை வைத்தால் கறியும் ஆறும், பன்னும் நனையும். குளிர்காலத்தில் தக்காளிக்குப் பதில் கெட்சப் ஒரு துளி போட்டுக்கொள்வேன், அதுவும் தக்காளிதானே.

நான் செய்கிற முறை: அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வட்டமாக அறுத்து, உப்பும் மிளகுத்தூளும் தூவி ஐந்து நிமிடம் தட்டில் விடுவேன். தண்ணீர் கசிந்து நிற்கும். துணியில் ஒற்றி எடுத்துவிட்டு வைத்தால் வழுக்காது, சுவையும் இரண்டு மடங்கு. என் மூன்று: தக்காளி, மெல்லிசாக நறுக்கிய ஐஸ்பெர்க் லெட்யூஸ், மயோனைஸ்.

---

கரிஅடுப்பு

இரண்டு பேரும் சொல்வது சரி, ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு பர்கரைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

தோசைக்கல் சொல்வது கல்லில் அழுத்திச் சுட்ட மெல்லிய கறி. அதற்கு முறுகல் இருக்கும், சாறு குறைவு. நான் போடுவது கரி நெருப்பில், கம்பிமேல், முக்கால் அங்குலத் தடிமன். கம்பியில் வைத்து வெங்காயத்தை அழுத்தினால் எல்லாம் நெருப்பில் விழும். தடிமனான கறிக்கு வெளியே புகை வாசனை, உள்ளே சாறு, கடிக்கும்போது வாயை நிரப்பும். அதற்குக் குழைந்த வெங்காயம் எடுபடாது, பச்சையாக ஒரு வளையம், கடித்தால் நறுக்கென்று சத்தம் வரவேண்டும். தக்காளியும் தடிமனான கறிக்குத்தான் பொருந்தும். மெல்லிய கறிமேல் மதுரைக்காரி சொல்லும் தக்காளியை வைத்தால் நீங்கள் சாப்பிடுவது தக்காளி ரொட்டி, கறி எங்கே என்று தேடவேண்டும்.

ஆகவே முதலில் கறியின் தடிமனைச் சொல்லுங்கள், அப்புறம் மேலே வைப்பதைப் பேசலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கொத்துக்கறியைத் தடிமனாகச் சுடும்போது நடுவில் வெப்பமானி குத்திப் பாருங்கள். அமெரிக்க விவசாயத்துறை சொல்வது 160 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 71 செல்சியஸ். முழுத்துண்டு கறியில் கிருமி வெளிப்பக்கம்தான் இருக்கும், கொத்தும்போது அது உள்ளே போய்விடுகிறது. குழந்தைகள் சாப்பிடுகிற இடத்தில் இதில் விளையாட வேண்டாம்.

---

தோசைக்கல்_ஓக்லஹோமா

//முதலில் கறியின் தடிமனைச் சொல்லுங்கள்//

இதை நான் யோசிக்கவே இல்லை. சனிக்கிழமை நான் போட்டது தடிமன் கறி, ஆனால் மனதில் எல் ரீனோ கணக்கை வைத்துக்கொண்டு எல்லோரையும் கோபித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கறிக்குத் தக்காளி எடுத்தவர்கள் செய்தது சரிதான். ஆனால் தக்காளி, அவகாடோ, பேகன், வறுத்த வெங்காய வளையம், மூன்று சாஸ் எல்லாம் ஒரே பர்கரில் என்பதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

---

சிவப்பா_பச்சையா

நியூமெக்சிகோவிலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு பேர் பேசிவிட்டீர்கள், ஒருவர்கூட மிளகாயைச் சொல்லவில்லை! தமிழர்கள் கூடிய இடத்தில் இது நியாயமா?

ஆகஸ்ட் கடைசியில் அல்புகெர்க்கி வந்து பாருங்கள். மளிகைக்கடை வாசல் ஒவ்வொன்றிலும் கம்பிவலை உருளை ஒன்று, கீழே கேஸ் நெருப்பு சீறும், உருளை சுற்றச் சுற்ற உள்ளே பச்சை மிளகாய் படபடவென்று தோல் கருகும். நம் ஊரில் கத்தரிக்காயைச் சுடும்போது வீடெல்லாம் ஒரு வாசனை வருமே, அதோடு மிளகாய்க் காரமும் கலந்து தெருவே மணக்கும். ஹேட்ச் பள்ளத்தாக்கு மிளகாய்க்குத் தனிப் பெயர். மூட்டையாக வாங்கி, சுடவைத்து, தோலுரித்து, சின்னப் பைகளில் போட்டு ஃப்ரீசரில் அடைத்துவிட்டால் வருடம் முழுக்க வரும். எங்கள் வீட்டில் இந்த வருடம் 40 பவுண்டு.

அந்தச் சுட்ட மிளகாயைக் கொத்தி, கறிமேல் ஒரு கரண்டி, அதன்மேல் சீஸ் வைத்து உருகவிட்டால், சீஸ் மிளகாயைப் பிடித்துக்கொள்ளும், சரியாது. கிரீன் சில்லி சீஸ்பர்கர் என்றால் இங்கே மாநில கௌரவம். சுற்றுலாத்துறையே கடைகளின் பட்டியல் போட்டு வழிகாட்டுகிறது. சான் அன்டோனியோ என்ற சின்ன ஊரில் (டெக்சாஸில் இருக்கும் பெரிய ஊர் இல்லை) அவுல் பார் என்று ஒரு கடை. 1945இல் பக்கத்துப் பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனைக்கு வந்த விஞ்ஞானிகள் அங்கே சாப்பிட்டதாக ஊரில் சொல்வார்கள். நான் மூன்று தடவை போயிருக்கிறேன். மெல்லிய கறி, மிளகாய், சீஸ், கொஞ்சம் நறுக்கிய வெங்காயம், லெட்யூஸ், தக்காளி, பிக்கிள். கூட்டமாகத் தெரியும், ஆனால் நாக்கில் முதலில் வருவதும் கடைசிவரை நிற்பதும் மிளகாய்தான்.

இந்த மிளகாயின் காரம் நம் பச்சைமிளகாய்க் காரம் மாதிரி சுரீர் என்று ஏறாது. மெதுவாக வரும், கூடவே புகையும் லேசான இனிப்பும் இருக்கும். கொழுப்புள்ள கறியைத் திகட்டாமல் சாப்பிட வைப்பது இதுதான்.

என் மூன்று: சுட்ட மிளகாய், சீஸ், பச்சை வெங்காயம்.

---

மெல்பர்ன்வாசி

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குரல். பீட்ரூட்.

சிரிக்காதீர்கள். இங்கே மீன் வறுவல் விற்கும் பழைய கடைகளில் 'எல்லாம் போட்டது' என்று பர்கர் கேட்டால் கறி, வதக்கிய வெங்காயம், முட்டை, பேகன், சீஸ், லெட்யூஸ், தக்காளி, அன்னாசி வளையம், டின்னிலிருந்து எடுத்த பீட்ரூட் என்று வரும். முதல் வருடம் வந்தபோது காகிதத்தைப் பிரித்தவுடன் சட்டையில் சிவப்பு நீர் சொட்டியது, கறி வேகவில்லை என்று நினைத்துப் பயந்துவிட்டேன்.

இப்போது பீட்ரூட் இல்லாமல் எனக்குப் பர்கர் நிறைவாக இல்லை. டின் பீட்ரூட் வினிகரில் ஊறியது, ஆக பிக்கிள் செய்கிற வேலையைச் செய்கிறது. கூடவே அதற்கு ஒரு மண்வாசனையும் இனிப்பும் உண்டு, கல்லில் தீய்ந்த கறிக்கு அது அப்படிப் பொருந்தும். நம் வீட்டில் பீட்ரூட் பொரியலுக்குக் கடுகு தாளித்துக் கொட்டுவோம், அதனால் பீட்ரூட் வைக்கும்போது நான் கெட்சப்பை விட்டுவிட்டுக் கடுகு விழுது தடவுகிறேன். இது இங்கே யாரும் செய்வதில்லை, நானாகச் செய்வது.

அன்னாசியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து: கல்லில் வாட்டி நிறம் மாறிய அன்னாசி என்றால் சரி, டின்னிலிருந்து நேராக வந்தால் வேண்டாம். மூன்று: பீட்ரூட், பொரித்த முட்டை, வதக்கிய வெங்காயம். முட்டையின் மஞ்சள் கரு உடைந்து வழிவதுதான் சாஸ்.

---

யாழ்_டொராண்டோ

தோசைக்கல் அண்ணை, உங்கட வெங்காயக் கதையை வாசித்தபோது எனக்கு ஊர் பேக்கரி ஞாபகம் வந்தது. எங்கட நாட்டில் சீனிச்சம்பல் பணிஸ் என்று ஒன்று இருக்கிறது. வெங்காயத்தை மெல்லிசாக வெட்டி, சின்ன நெருப்பில் ஒரு மணித்தியாலம் வதக்கி, மிளகாய்த்தூள், மாசிக்கருவாடு, புளி, கறுவா, கடைசியாகச் சீனி. இனிப்பும் உறைப்பும் புளிப்பும் ஒன்றாக. அதைப் பணிசுக்குள் வைத்துச் சுடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாங்கினால் தாள் எல்லாம் எண்ணெய்.

இங்கே வீட்டில் பர்கர் செய்கிற நாளில் நான் அதையே வைக்கிறேன். ஒரு மேசைக்கரண்டி போதும். மாசி கடலுக்குரிய உப்பையும் ஆழத்தையும் கொடுக்கும். இங்கத்தைய கடைகளில் வெங்காய ஜாம் என்று போத்தலில் விற்கிறார்கள், அதில் இனிப்பு மட்டும்தான் இருக்கிறது, கறியோடு சேரும்போது திகட்டுகிறது. சீனிச்சம்பலில் புளி இருப்பதால் பிக்கிள்கூடத் தேவையில்லை.

என்ர மூன்று: சீனிச்சம்பல், லெட்யூஸ், ஒரு துண்டு செடார். அதிகம் வைத்தால் கெடும் என்பதில் உங்களோடு நிற்கிறேன்.

---

தோசைக்கல்_ஓக்லஹோமா

யாழ், இதை இந்த வாரமே செய்யப்போகிறேன். மாசிக்கு இங்கே எங்கே போவது என்றுதான் தெரியவில்லை, ஜப்பானியக் கடையில் உலர்ந்த சூரைமீன் சீவல் கிடைக்கிறது, அதை வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே குடும்பம்தான்.

---

பால்காரர்_பேரன்

சீஸ் என்று எல்லோரும் ஒரு வார்த்தையில் கடந்துபோகிறீர்கள். நான் உணவுப் பதப்படுத்தும் துறையில் வேலை செய்கிறேன், இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை.

செடார் நல்ல சீஸ்தான். ஆனால் முற்றின செடாரைச் சூடான கறிமேல் வைத்துப் பாருங்கள், எண்ணெய் தனியாகப் பிரிந்து ஓடும், மீதி ரப்பர் மாதிரி சுருங்கும். பாலைக் காய்ச்சும்போது திரிந்துபோவதைப் போலத்தான். புரதம் இறுகிக் கொழுப்பை வெளியே தள்ளிவிடுகிறது. ஆரஞ்சு நிறத்தில் ஒவ்வொன்றாக உறையில் வரும் அமெரிக்கன் சீஸ் அப்படி ஆகாது. அதில் சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் சேர்த்திருப்பதால் புரதம் கொழுப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும், ஒரே சீராக இளகும். அமெரிக்காவில் பதப்படுத்திய சீஸுக்கு 1916இலேயே கிராஃப்ட் என்பவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அது மட்டமான சீஸ் என்று பலர் முகம் சுளிப்பார்கள், ரொட்டியில் வைத்துத் தனியாகச் சாப்பிட எனக்கும் பிடிக்காது. பர்கரில் மட்டும் அதற்கு ஈடு இல்லை. மெல்லிய கறியின் ஓட்டைகளிலெல்லாம் இறங்கிச் சாஸ் போல நிற்கும்.

தடிமனான கறிக்கு ஸ்விஸ் சீஸும் வதக்கிய காளானும் வைக்கலாம். நீலப்பூஞ்சை சீஸ் வைத்தால் வேறு எதையும் வைக்காதீர்கள், வதக்கிய வெங்காயம் மட்டும்.

மினியாபொலிஸில் சீஸைக் கறிக்குள்ளேயே வைத்துச் சுடுகிறார்கள், ஜூசி லூசி என்று பெயர், மேட்ஸ் பார் என்ற கடையில் அதன் ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்து குறைவாகவே இருக்கும். நாங்கள்தான் முதலில் செய்தோம் என்று இரண்டு கடைகளுக்குள் பல வருடத் தகராறு. கொழுக்கட்டையில் பூரணம் வைப்பதுபோல இரண்டு வட்டக் கறிக்கு நடுவில் சீஸ் வைத்து ஓரத்தை ஒட்டுவது. வந்தவுடன் கடிக்காதீர்கள், உள்ளே உருகிய சீஸ் கொதித்துக்கொண்டிருக்கும். நான் கடித்து மேலண்ணம் வெந்து நான்கு நாள் மோர்சாதம்தான்.

---

கனெக்டிகட்_குளிர்

மூன்று பொருள் விதியைக் கடைப்பிடிக்கும், 100 வருடத்துக்கு மேல் பழைய கடை எங்கள் பக்கத்தில் இருக்கிறது. நியூஹேவன், லூயிஸ் லஞ்ச். பர்கரே 1900இல் தங்களிடம்தான் பிறந்தது என்று சொல்கிறார்கள், வேறு ஊர்க்காரர்களும் அப்படிச் சொல்கிறார்கள், அந்தச் சண்டைக்குள் போகவில்லை. கறியை நெட்டுக்குத்தாக நிற்கும் பழைய வார்ப்பிரும்பு அடுப்பில் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். பன் கிடையாது, வெள்ளை ரொட்டி டோஸ்ட். சீஸ், தக்காளி, வெங்காயம், அவ்வளவுதான். கெட்சப் கேட்டால் கிடையாது, கடுகு கேட்டாலும் கிடையாது.

முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது. காசு கொடுக்கிறேன், எனக்கு வேண்டியதை நான் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று. ஆனால் பாதி சாப்பிட்டபோது கறியின் சுவை எனக்குத் தனியாகத் தெரிந்தது. அதுவரை நான் கெட்சப்பைத்தான் பர்கர் என்று நினைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது வீட்டிலும் கெட்சப் வைப்பதில்லை.

---

ஹியூஸ்டன்_வெயில்

கெட்சப்பைத் தள்ளியதற்கு நன்றி. டெக்சாஸில் பர்கர் என்றால் கடுகு விழுதுதான். வாட்டபர்கர் 1950இல் கார்பஸ் கிறிஸ்டியில் தொடங்கியது, இன்றும் எதுவும் சொல்லாமல் வாங்கினால் கடுகுதான் தடவித் தருவார்கள். இனிப்புக் கெட்சப் கறியின் மேல் போர்வை போட்டு மூடிவிடுகிறது. கடுகு மூக்கில் ஏறி, வினிகர் புளிப்பில் கொழுப்பை அறுக்கிறது. கலிபோர்னியாவில் இன்-அன்-அவுட் கடையில் 'அனிமல் ஸ்டைல்' என்று கேட்டால் கறியின்மேல் கடுகைத் தடவியே கல்லில் வாட்டுவார்கள், வதக்கிய வெங்காயமும் கூடுதல் பிக்கிளும் வரும். கடுகு சூட்டில் காரம் போய் வெறும் புளிப்பும் வாசனையுமாக நிற்கும். வீட்டில் செய்து பாருங்கள், எளிது.

மூன்று: கடுகு, பிக்கிள், பொடியாக நறுக்கிய வெங்காயம். பிக்கிள் என்றால் சோம்புச்செடி மாதிரி மெல்லிய இழையாக இலையுள்ள டில் (சதகுப்பை) போட்டது, சர்க்கரை போட்டது இல்லை.

---

மதுரைக்காரி_ஜெர்சி

//கெட்சப் கறியின் மேல் போர்வை போட்டு மூடிவிடுகிறது//

அளவாகப் போட்டால் மூடாது. இலையில் ஊறுகாயை ஒரு ஓரத்தில் ஒரு துளி வைப்பதுபோல வைக்கவேண்டும். சோற்றுக்குச் சமமாக ஊறுகாயைக் கொட்டிவிட்டு ஊறுகாய் கெட்டது என்று சொல்லக்கூடாது. என் பிள்ளைகள் கெட்சப் இல்லாமல் தொடமாட்டார்கள், அவர்களிடம் நியூஹேவன் சட்டத்தைச் சொன்னால் எடுபடுமா?

---

சைவப்பட்சி

நான் கறி சாப்பிடுவதில்லை, ஆனாலும் இந்த இழையை முழுக்கப் படித்தேன். எங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் பெரிது. கறியில் கொழுப்பு இருக்கிறது, உப்பு போட்டாலே ருசிக்கும். கருப்புப் பீன்ஸ் வடையிலோ காளானிலோ அது இல்லை, மேலே வைப்பதுதான் காப்பாற்றவேண்டும்.

பல வருடம் செய்து கண்டது இது. பீன்ஸ் வடை உலர்ந்து மாவாக இருக்கும். அதற்கு அவகாடோ நல்லது, கொழுப்பைத் தருகிறது. கூட எலுமிச்சை பிழிந்த வெங்காயம், கொத்துமல்லி. போர்ட்டபெல்லோ காளான் நேர்மாறு, தண்ணீர் விடும், ஆகவே அதற்கு லெட்யூஸோ தக்காளியோ வைக்காமல், வறுத்த வெங்காயமும் ஸ்விஸ் சீஸும் போதும். இம்பாசிபிள் போன்ற, தாவரத்திலிருந்து செய்யும் புதுவகைக் 'கறிகள்' நிஜக் கறி மாதிரியே கொழுப்புடன் வருவதால் தோசைக்கல் சொன்ன முறையில் வெங்காயம் வைத்து அழுத்தலாம், நன்றாகவே வந்தது.

சேர்ந்து சமைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காய்கறி வடையைத் தனிக் கல்லில், தனித் திருப்பியால் போடுங்கள். போன வருடம் ஒரு கூட்டத்தில் எல்லாம் ஒரே கம்பிமேல் சுட்டுத் தந்தார்கள். சொல்லவும் முடியாமல் சாப்பிடவும் முடியாமல் வெறும் பன்னில் தக்காளி வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

---

தோசைக்கல்_ஓக்லஹோமா

சைவப்பட்சி, மன்னிக்கவேண்டும், எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்திலும் ஒரே கம்பிதான். அடுத்த தடவை தனிக்கல் எடுத்துப் போகிறேன்.

---

முதல்_செமஸ்டர்

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். கான்சாஸில் படிக்க வந்து இரண்டு மாதம் ஆகிறது. என்னிடம் அம்மா கொடுத்துவிட்ட இரும்பு தோசைக்கல் ஒன்றுதான் இருக்கிறது. மின்சார அடுப்பு. எல் ரீனோ பர்கர் இதில் வருமா? அளவோடு சொன்னால் ஞாயிற்றுக்கிழமை செய்துபார்ப்பேன். கல்லைக் கழுவும் முறையும் சொல்லுங்கள், அதில்தான் தோசையும் ஊற்றவேண்டும்.

---

தோசைக்கல்_ஓக்லஹோமா

தம்பி, அதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை. என் பெயரைப் பார்த்தீர்கள்தானே.

கொத்துக்கறி வாங்கும்போது 80/20 என்று போட்டிருப்பதை எடுங்கள், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. கொழுப்பு குறைந்ததை எடுத்தால் வெங்காயம் வதங்க எண்ணெய் இருக்காது. ஒரு உருண்டை 70 கிராம் போதும், எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பிசையாதீர்கள், லேசாகச் சேர்த்துப் பிடியுங்கள். உப்பைக் கறிக்குள் கலக்கவே கூடாது, கலந்தால் கறி இறுகி சாசேஜ் மாதிரி ஆகிவிடும், கல்லில் போட்ட பிறகு மேலே தூவினால் போதும்.

ஒரு பர்கருக்கு நடுத்தர வெங்காயம் பாதி. எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு, அரிவாள்மணை இருந்தால் அதில் சீவுங்கள், விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரியவேண்டும். தடிமனாக இருந்தால் கறி வெந்துவிடும், வெங்காயம் பச்சையாகவே நிற்கும்.

கல்லை நடுத்தரத்துக்கு மேல் வைத்து ஐந்து நிமிடம் காயவிடுங்கள், தோசைக்குத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதுபோலப் பாருங்கள். எண்ணெய் தேவையில்லை. உருண்டையை வைத்து, உப்பு, அதன்மேல் வெங்காயம் முழுவதும், இரும்புத் திருப்பியால் அழுத்துங்கள். திருப்பியின்மேல் ஒரு டம்ளரின் அடியை வைத்து அழுத்தினால் பலம் வரும். இரண்டு நிமிடம் தொடாதீர்கள், ஓரம் பழுப்பாகும். அப்புறம் திருப்பியைச் சாய்த்துக் கல்லோடு சுரண்டி எடுத்து ஒரே மூச்சில் புரட்டுங்கள், அந்தப் பழுப்புப் படலம்தான் ருசி, அதைக் கல்லில் விட்டுவிடக் கூடாது. இப்போது வெங்காயம் அடியில். மேலே அமெரிக்கன் சீஸ், அதன்மேல் பன்னின் மேல்பாதி, அதன்மேல் கீழ்ப்பாதி. இன்னும் இரண்டு நிமிடம். நெருப்பைக் கொஞ்சம் குறைக்கலாம். கீழ்ப்பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றதை அப்படியே தூக்கி அதன்மேல் வைத்தால் முடிந்தது. பிக்கிள் இரண்டு வில்லை.

புகை நிறைய வரும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறி போட்டுவிட்டு ஆரம்பியுங்கள், இல்லையென்றால் புகை அலாரம் அடித்துக் குடியிருப்பே கீழே இறங்கிவிடும்.

கல்லைப் பற்றி: சூடு இருக்கும்போதே சுரண்டி, வெந்நீர் விட்டுத் தேய்த்து, அடுப்பில் உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். தோசை ஒட்டாது. ஆனால் முதல் இரண்டு தோசையில் வெங்காயமும் கறியும் மணக்கும். அறையில் சைவ நண்பர்கள் இருந்தால் பழைய பொருள் கடையில் 10 டாலருக்கு ஒரு வார்ப்பிரும்புச் சட்டி வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா கொடுத்த கல் தோசைக்கே இருக்கட்டும்.

---

கரிஅடுப்பு

//ஒரே மூச்சில் புரட்டுங்கள்//

இதுதான் முக்கியம் தம்பி. தயங்கினால் பாதி வெங்காயம் கல்லிலும் பாதி தரையிலும் இருக்கும்.

---

முதல்_செமஸ்டர்

செய்துவிட்டேன். அண்ணா சொன்னபடி வார்ப்பிரும்புச் சட்டி பழைய கடையில் 8 டாலருக்குக் கிடைத்தது, துரு தேய்க்கவே ஒரு மாலை போனது.

முதல் பர்கரில் வெங்காயம் தடிமன், கரிஅடுப்பு அண்ணா சொன்ன மாதிரியே பாதி சிதறிவிட்டது. இரண்டாவதற்கு வெங்காயத்தைக் காய்கறித் தோல் சீவியில் சீவினேன், கண்ணெல்லாம் தண்ணீர். புரட்டியபோது முழுசாக வந்தது. பன்னைத் தூக்கிப் பார்த்தால் வெங்காயம் ஓரத்தில் முறுகி, நடுவில் அம்மா செய்யும் வெங்காயத் தொக்கு நிறத்தில் இருந்தது. அறைத்தோழன் கெட்சப் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கடைசிவரை ஊற்றவில்லை.

மூன்றாவதற்கு மேலே இரண்டு மோர்மிளகாய் வறுத்து வைத்தோம், ஊரிலிருந்து கொண்டுவந்தது. உப்பும் புளிப்பும் காரமும் மொறுமொறுப்பும் அதிலேயே இருக்கிறது, பிக்கிளை எடுத்துவிட்டோம். சிவப்பா_பச்சையா அண்ணாவும் யாழ் அண்ணாவும் இதைச் செய்துபார்த்துவிட்டு எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும்.

---

சிவப்பா_பச்சையா

மோர்மிளகாயா! டப்பாவில் ஒரு கை இருக்கிறது, அமாவாசை கழியட்டும், வெள்ளிக்கிழமை வைக்கிறேன். வறுக்கும்போது கருகவிட்டாயா, பழுப்போடு நிறுத்தினாயா?

---

முதல்_செமஸ்டர்

கருப்பு ஏறும்வரை அண்ணா. பழுப்பில் எடுத்தால் பன் ஆவியில் இளகிவிடுகிறது.